‘கேள்’ என்ற ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம்: ஆங்கிலச் சொல்வளம் பெருக்கும் செய்முறை

ஆங்கிலச் சொற்களை ஒரு பக்கமும் அவற்றின் தமிழ்ப் பொருளை மறுபக்கமும் எழுதி மனப்பாடம் செய்பவர்கள் சில வாரங்களிலேயே நூறு சொற்களை ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அவற்றுள் ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் பேசச் சொன்னால் தடுமாறுவார்கள். தமிழில் ஒரே சொல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதைப் பட்டியல் காட்டுவதில்லை. ஆகவே இந்த முறையில் சொல்லையும் வாக்கியத்தையும் சேர்த்தே கற்போம். அஞ்சலட்டை அளவில் வெட்டிய தாள்கள் ஐம்பதும், ஐந்து அறைகளாகத் தடுத்த ஒரு செருப்புப் பெட்டியும் போதும்.

படி 1: சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

அரிய சொற்களைத் தேட வேண்டாம். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே உள்ளன; சாதாரண ஆங்கில எழுத்தின் பெரும்பகுதி இவற்றால் ஆனதே. இத்தகைய சொற்களிலிருந்து, வினைச்சொற்களுக்கு முன்னுரிமை கொடுத்து, நாளொன்றுக்கு ஐந்து சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து எடுப்பவர்கள் பெரும்பாலும் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

படி 2: அட்டை எழுதுதல்

அட்டையின் முன்பக்கம் ஆங்கிலச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். இக்கட்டுரையில் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன் என்றாலும், அட்டையில் அப்படிச் செய்யாதீர்கள்; ‘காதில் விழுந்தது’ என்னும் பொருள் தரும் சொல்லும் ‘காயப்படுத்தியது’ என்னும் பொருள் தரும் சொல்லும் தமிழில் எழுதினால் ‘ஹர்ட்’ என ஒன்றாகிவிடும். பின்பக்கம் தமிழ்ப் பொருள், இறந்தகால வடிவம், உடன்வரும் சிறுசொல் (‘டு’, ‘ஃபார்’ போன்றது), இரண்டு வாக்கியங்கள் ஆகியவை இடம்பெற வேண்டும். பெயர்ச்சொல்லானால், அது எண்ணத்தக்கதா என்பதையும் அகராதியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ‘அட்வைஸ்’ எண்ணத்தக்கதன்று, ஆகவே ‘அட்வைசஸ்’ என்று பன்மையாக்குவது பிழை.

படி 3: ஒரு தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். ‘கேள்’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம். ‘ஏதோ சத்தம் கேட்டது’ என்பதில் நம் முயற்சி எதுவுமில்லை, ஒலி தானாகக் காதில் விழுகிறது. இதற்கு ‘ஹியர்’: ‘ஐ ஹர்ட் எ நாய்ஸ்.’ ‘தினமும் வானொலி கேட்கிறேன்’ என்பதில் கவனம் செலுத்துகிறோம்; இதற்கு ‘லிசன்’, பின்னால் ‘டு’ கட்டாயம்: ‘ஐ லிசன் டு த ரேடியோ எவ்ரி டே.’ சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போதும் இதே சொல்தான். ‘ஆசிரியரிடம் கேட்டேன்’ என்பது வினவுதல். இதற்கு ‘ஆஸ்க்’: ‘ஐ ஆஸ்க்ட் த டீச்சர்.’ நம் ‘இடம்’ என்னும் உருபை மொழிபெயர்ப்பதாக எண்ணி ‘ஆஸ்க்ட் டு த டீச்சர்’ என்று எழுதுவது நம்மவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. ‘தண்ணீர் கேட்டாள்’ என்றால் பொருளைக் கோருவதால் ‘ஃபார்’ சேர்கிறது: ‘ஷீ ஆஸ்க்ட் ஃபார் வாட்டர்.’

ஆக, ஒரு தமிழ்ச் சொல்லுக்கு நான்கு அட்டைகள். ‘பார்’ என்பதையும் ‘சீ’, ‘லுக்’, ‘வாட்ச்’ என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். ‘பற்றி’ என்னும் சொல்லும் இப்படித்தான் நம்மை வழுக்கிவிடும்: ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதை ‘டிஸ்கஸ்ட் இட்’ என்றே சொல்ல வேண்டும், இடையில் ‘அபவுட்’ வராது.

படி 4: சொந்த வாக்கியம் எழுதுதல்

முதல் வாக்கியத்தை அகராதியிலிருந்து எடுங்கள். இரண்டாவது உங்கள் வீடு, வேலை, தெரு ஆகியவற்றைப் பற்றி நீங்களே எழுதியதாக இருக்கட்டும். முந்தைய வாக்கியத்தின் பெயர்களை மட்டும் மாற்றினாலும் தொடக்கத்தில் போதுமானது.

படி 5: பெட்டியில் சுழற்றுதல்

அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கிய முறை இது. புதிய அட்டைகள் அனைத்தும் முதல் அறையில் இருக்கும். முன்பக்கத்தைப் பார்த்ததும் பொருளையும் ஒரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கொரு முறை, மூன்றாவதை வாரந்தோறும், நான்காவதை இரு வாரத்துக்கொரு முறை, ஐந்தாவதை மாதமொரு முறை பாருங்கள். பொருள் நினைவிருந்து உடன்வரும் சிறுசொல் மறந்திருந்தால் அதையும் தவறாகவே கொண்டு, அட்டையை முதல் அறையில் போடுங்கள்.