அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பத்திரத்தைப் படியுங்கள்

தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்குகிறவர்களின் பத்திரக் கட்டுகளை ஒரு வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து படிப்பதுதான் பல வருஷமாக என் வேலை. பெரும்பாலானவர்கள் அட்வான்ஸ் கொடுத்த பிறகே கட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு குறை தெரிந்தால், போன பணத்தைத் திரும்ப வாங்குவதே தனிப் போராட்டம். வீடு பிடித்திருக்கிறதா, சரி. அடுத்து கேட்க வேண்டியது மொத்தப் பத்திரங்களின் ஜெராக்ஸ். அதைத் தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

கட்டைப் பழசிலிருந்து புதுசுக்குப் படிக்க வேண்டும். தாய்ப்பத்திரத்தில், அதாவது கட்டிலேயே பழைய மூலப் பத்திரத்தில், ஆரம்பித்து ஒவ்வொன்றிலும் யார் யாருக்குக் கொடுத்தார், சர்வே எண் என்ன, எத்தனை சதுர அடி, நான்கு எல்லை எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். குறைந்தது 30 வருஷத்துக்குச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். ஒரு பத்திரத்தில் வடக்கே பொதுப்பாதை, அடுத்ததில் வடக்கே இன்னொருவர் மனை என்று மாறினால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள்.

சங்கிலி பெரும்பாலும் அறுபடுவது ஒரு சாவில்தான். சமீபத்தில் வந்த ஒரு கட்டைச் சொல்கிறேன். அப்பா 1978-ல் சொந்தப் பணத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 1996-ல் இரண்டு மகன்களும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, வீடு மூத்தவருக்கு வந்திருக்கிறது. பட்டா அவர் பெயரில், வரி ரசீது அவர் பெயரில், வில்லங்கச் சான்றும் (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்) சுத்தம். ஆனால் வாரிசுச் சான்றில் நான்கு பெயர்கள்: மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பாகப்பிரிவினையில் அம்மாவின் கையெழுத்தும் இல்லை, மகளின் கையெழுத்தும் இல்லை. கேட்டால், "தங்கச்சிக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்றார் மூத்தவர்.

சீர் செய்ததால் பங்கு போய்விடாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் இல்லாமல் இறந்தால், 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மனைவிக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் சட்டமானது. ஆக இந்த வீட்டில் கால் பங்கு அந்தத் தங்கையுடையது. அப்பாவுக்குப் பிறகு இறந்துபோன அம்மாவின் கால் பங்கிலும் அவருக்கு உரிமை இருக்கிறது. வழி சுலபம்தான்: தங்கையும் கிரயப் பத்திரத்தில் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முன்கூட்டியே பதிந்து தர வேண்டும். மைனர் பங்கு இருந்தால் இது போதாது. மைனரின் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும்.

வில்லங்கச் சான்றை நிறையப் பேர் கடைசி வார்த்தை என்று நம்புகிறார்கள். அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. வாரிசுகள் யார், வீட்டில் குடியிருப்பவர் யார், பதியாத உயில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது. சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பார்த்து, நீங்கள் எழுதி வைத்த தாளோடு ஒப்பிடுங்கள். விற்பவர் வங்கிக் கடன் வாங்கியிருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். கடனை அடைத்ததற்கு வங்கி கொடுத்த கடிதம் மட்டும் போதாது. கடன் அடைந்ததைச் சொல்லும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் வில்லங்கத்தில் கடன் தீர்ந்தது தெரியும். அதை விற்பவர் செலவில், அட்வான்ஸுக்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள்.

விற்பவருக்குப் பதிலாகப் பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுகிறார் என்றால் பவர் (அதிகாரப் பத்திரம்) பதிவானதா, ரத்தாகவில்லையா, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று மூன்றையும் பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் செல்லாது. பவரை வாங்கி வைத்துக்கொண்டு "வீடு எனதாகிவிட்டது" என்று நினைப்பதும் தப்பு. 2011-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அடுக்குமாடி வீடானால் நிலத்தில் பிரிக்கப்படாத பாகம், அதாவது பொது நிலத்தில் அந்த வீட்டுக்குள்ள பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஒப்பந்தம் போடலாம். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது பழைய பழக்கம். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பத்திரத்தில் குறை தெரிந்தால் அட்வான்ஸை முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது; வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம்.

இப்போது செலவு. பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பேசிய விலை, அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கு. 60 லட்சம் வீடு என்றால் 5,40,000 ரூபாய். இதை வீட்டின் விலையோடு சேர்த்து வங்கி கடன் தராது. 60 லட்சத்துக்கு அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம் கிடைக்கும் என்று வைத்தால், கையில் 12 லட்சமும் இந்த 5,40,000-மும், ஆக 17,40,000 ரூபாய் இருக்க வேண்டும். வக்கீல், பத்திர எழுத்தர், வங்கி, தரகர் கட்டணங்கள் தனி.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போனால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவரின் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குகிறவரின் பொறுப்பு. இந்தக் கணக்கில் 60,000 ரூபாய். இது கூடுதல் செலவல்ல, விற்பவருக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து கழிப்பது. விற்பவரின் பான் ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்து கிடந்தால் 20 சதவீதம் பிடிக்க வேண்டி வரும். அதனால் முன்பே கேளுங்கள். வெளிநாட்டில் வசிக்கிறவர் விற்றால் விகிதம் வேறு, மிக அதிகம். ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் மாற்ற வேண்டாம்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாகத் தரலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது நீங்கள் வாங்கிய விலை என்று கணக்கில் வருவது அந்தக் குறைந்த தொகைதான். லாபம் பெரிதாகத் தெரியும், வரியும் ஏறும்.

விற்பவர்களுக்கு முக்கியமானது அந்த லாபத்தின் மேலுள்ள வரி. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர், விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். விற்ற இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ வரிவிலக்கு உண்டு. அதுவரை பணத்தைச் சேமிப்புக் கணக்கில் சும்மா விடாமல், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்ற தனிக் கணக்கைத் திறந்து அதில் போட வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு வருகிறவர்களை வருஷாவருஷம் பார்க்கிறேன்.

பதிவு முடிந்த பிறகு பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்றை மறுபடி எடுத்து, உங்கள் பெயரும் சர்வே எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால், விற்றவர் இன்னும் பக்கத்தில் இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிடலாம்.