அம்மோனியா, இரும்பு உப்பு, ஒரு காந்தம்: கல்லூரி ஆய்வகத்தில் நானோ துகள்

பாளையங்கோட்டையில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறேன். புராஜெக்ட் காலம் வந்தால், புற்றுநோய்க்கு மருந்து சுமக்கும் காந்தத் துகள் செய்யப்போவதாக, வெளியே காந்தம் வைத்து அதைக் கட்டிக்கு இழுக்கப்போவதாக யாராவது வந்து நிற்பார்கள். மருந்து நம்மால் ஆகாது. துகளைத் தாராளமாகச் செய்யலாம். வேண்டியது எல்லாம் அலமாரியிலேயே இருக்கிறது.

"குறுக்குத்துறை ஆற்று மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்புப் பொடி ஒட்டுகிறதே, அதை அரைத்தால் போதாதா மேடம்?" என்பார்கள். போதாது. அந்த மணி ஒவ்வொன்றும் நமக்கு வேண்டிய 10 நானோமீட்டர் துகளைவிடப் பத்தாயிரம் மடங்கு அகலம். அவ்வளவு சிறிதானால்தான் மேக்னடைட் (காந்தம் இழுக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடு) காந்தத்தை விலக்கியதும் தன் காந்தத்தன்மையை விட்டுவிடும். விடாவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இரத்தக் குழாயை அடைக்கும். அரைத்து அந்த அளவுக்குச் சீராகக் கொண்டுவர முடியாது; அணு அணுவாகச் சேர்த்து வளர்க்க வேண்டும்.

காய்ச்சி வடித்த நீர் 100 மில்லியைக் கொதிக்கவிட்டு, மூடி ஆறவிடுங்கள். கரைந்திருக்கும் ஆக்சிஜன் போக வேண்டும். அதில் ஃபெரிக் குளோரைடு (ஆறு நீர் மூலக்கூறு உள்ளது) 5.4 கிராம், ஃபெரஸ் சல்பேட் (ஏழு நீர் உள்ளது) 2.78 கிராம் கரையுங்கள். மூன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு அளவு சொல்வார்கள். மோல் கணக்கில், அதாவது எண்ணிக்கையில், ஃபெரிக் இரண்டுக்கு ஃபெரஸ் ஒன்று என்ற 2:1தான் சரி. ஃபெரஸ் சல்பேட் இளம்பச்சையாக இருக்க வேண்டும். மேலே பழுப்பு ஏறிய பழைய புட்டியைத் தொடாதீர்கள்.

கரைசலை 60 டிகிரிக்குச் சூடாக்கிக் கண்ணாடிக் கோலால் கலக்குங்கள். காந்தக் கலக்கி கூடவே கூடாது. பிறக்கிற துகளெல்லாம் அதன் சுழலும் காந்தத் துண்டிலேயே அப்பிக்கொள்ளும். இப்போது 25 சதவீத அம்மோனியா 15 மில்லியைச் சிறிது சிறிதாக விடுங்கள். மே மாத வெயிலில் அம்மோனியா புட்டிக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். குளிரவைத்து, கண்ணாடி அணிந்து, புகைபோக்கி அறையில் திறக்கவும். ஆரஞ்சாக இருந்தது சட்டென்று கண்மை போல் கறுக்கும். செம்பழுப்பாகவே நின்றால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

ஜங்ஷன் பக்கம் பழைய கம்ப்யூட்டர் பிரிக்கும் கடையில் ஹார்ட் டிஸ்க் காந்தம் கிடைக்கும். அதைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டுங்கள். நேரடியாக ஒட்டிய பொடி லேசில் போகாது. பீக்கரின் அடியில் வைத்து, தெளிந்த நீரை வடித்து, புதுநீர் விடுங்கள். காரம் நீங்கும்வரை கழுவ வேண்டும். பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கினால், அமிலம் இரும்பின் மேல் பூச்சாகப் படிந்து, துகளுக்கு எதிர்மின்னூட்டம் தரும். துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரிலேயே மிதக்கும்.

மருந்துக்குப் பதில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை எடுங்கள். அது நேர்மின்னூட்டம் உள்ளது, துகளில் ஒட்டும். காந்தத்தால் துகளை ஒதுக்கினால் நீலம் வெளிறுவது கண்ணுக்கே தெரியும். வினிகர் சில துளி விட்டால் சாயம் ஓரளவு திரும்ப வெளிவரும். அமிலத்தன்மை கூடிய கட்டிக்குள் மருந்தை இறக்கிவிடலாம் என்ற எண்ணத்தின் அடிப்படை இதுதான்.

எண்ணம் எங்கே தடுக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள். குப்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு நோட்டை வையுங்கள். பிறகு தடித்த பாடப்புத்தகம். இழுப்பு சடாரென்று குறையும். தோலுக்கு அடியில் உள்ள கட்டிக்கு இந்த வழி எளிது. வயிற்றின் ஆழத்தில், ஓடும் இரத்தத்திலிருந்து துகளைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு.

படமெடுப்பில் அந்தத் தொல்லை இல்லை. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ், கல்லீரல் எம்.ஆர்.ஐ.க்கான இரும்பு ஆக்சைடு துகள். ஆரோக்கியமான கல்லீரலின் விழுங்கு செல்கள் அதை விழுங்குவதால் அப்பகுதி படத்தில் கறுக்கும். அச்செல்கள் இல்லாத கட்டி வெளுப்பாகத் தனித்து நிற்கும். இப்போது அது விற்பனையில் இல்லை. 2009இல் வந்த ஃபெருமாக்சிட்டாலோ சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கான மருந்து. துகளின் இரும்பை உடல் இரத்தமாக்கிக்கொள்கிறது.

ஆகவே புராஜெக்ட் தலைப்பில் 'புற்றுநோய் சிகிச்சை' என்று எழுதாதீர்கள். 'சிட்ரேட் பூசிய மேக்னடைட்: தயாரிப்பும் சாய ஏற்பும்' என்று போடுங்கள். வெளித்தேர்வாளர் கேட்கிற கேள்வி பாதியாகக் குறையும்.