கணினிக் கோளாறுக்கு இணையத்தில் உதவி கேட்கும் முன்

“கணினி வேலை செய்யவில்லை, யாராவது உதவுங்கள்” என்று மட்டும் எழுதினால், எவ்வளவு விவரம் தெரிந்தவராலும் இணையம் வழியே உருப்படியான பதில் தர இயலாது. திரையில் தோன்றும் பிழைச் செய்தியை அதிலுள்ள எண்ணோடு கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கணினி திடீரென முடங்கும்போது வரும் நீலநிறப் பிழைத்திரை சில நொடிகளில் மறைந்துவிடக்கூடும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒருசேர அழுத்தி, வரும் பெட்டியில் வின்வர் (winver) என்பதை ஆங்கில எழுத்துகளில் இட்டு என்டர் விசையை அழுத்தினால் விண்டோஸின் பதிப்பு எண் தெரியும். அதையும் கேள்வியில் சேர்க்க வேண்டும்.

கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன் என்ன மாறியது என்பதிலேயே பெரும்பாலும் விடை இருக்கும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கங்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல நாள் அணைத்தே கிடந்த மேசைக் கணினியில், மின்விசிறி சுற்றியும் திரை இருண்டே இருந்து, பீப் ஒலி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால், ஈரக்காற்றால் ரேம் எனும் தற்காலிக நினைவக அட்டையின் முனைகள் மங்கியிருக்க வாய்ப்புண்டு. மின் இணைப்பை முழுவதுமாகத் துண்டித்து, அட்டையைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, இருபுறக் கொக்கியும் ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்திப் பாருங்கள். கடைக்குத் தூக்கிச் செல்வதை (மழையில் அதுவே பெரும்பாடு) அதன்பின் யோசிக்கலாம்.

உதவுகிறேன் என்று தாமாகவே முன்வந்து, உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்லும் முன்பின் அறியாதவர்களை நம்ப வேண்டாம். ஓடிபி கேட்டால் பேச்சை அங்கேயே முறித்துவிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.