சுவர்ப் பூச்சு: கொத்தனார் வைப்பதா, நாமே பூசுவதா?

நாமே பூசினால் கூலி முழுவதும் மிச்சம் என்று நினைத்துத்தான் பலரும் கரணையைக் கையில் எடுக்கிறார்கள். சிமென்டும் மணலும் யார் பூசினாலும் வாங்கியாக வேண்டும். பழகாத கை பூசினால் இன்னும் கூடுதலாகவே வாங்க வேண்டியிருக்கும். ஆகவே மிச்சம் எவ்வளவு என்பது கூலியை மட்டும் பார்த்தால் தெரியாது. முதலில் பொருளைக் கணக்கிட வேண்டும், பிறகு எத்தனை நாள் என்பதை. முடிவு அதற்குப் பின்னால்தான்.

பொருள் எவ்வளவு போகும்

செங்கல் சுவரின் உள்பக்கத்துக்கு 12 மி.மீ. கனம், 1:5 கலவை (ஒரு பங்கு சிமென்ட், ஐந்து பங்கு மணல்) என்று வைத்துக்கொள்வோம். 10 சதுர மீட்டருக்குச் சுவரில் நிற்கும் சாந்து 0.12 கன மீட்டர். செங்கல் இடுக்குகளுக்குள் போவதும் கீழே சிந்துவதும் சேர்த்தால் 0.15 ஆகும். தண்ணீர் ஊற்றிக் குழைக்கும்போது கலவை சுருங்கும் என்பதால், உலர்ந்த அளவில் 0.20 கன மீட்டர் எடுக்க வேண்டும். அதில் சிமென்ட் 48 கிலோ. சதுரத்துக்கு (100 சதுரடி) ஒரு மூட்டை (50 கிலோ) சிமென்ட், 6 கன அடி மணல் என்று மனதில் வைத்தால் போதும்.

12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்த்து 440 சதுரடி. ஒரு கதவு 21, ஒரு ஜன்னல் 16 சதுரடி போனால் 403. ஏறத்தாழ 4 மூட்டை சிமென்ட், 24 கன அடி மணல்.

ஆனால் இது சுவர் நேராக இருந்தால் வரும் கணக்கு. இந்த 400 சதுரடியில் கனம் ஒரு மி.மீ. கூடினால் சிமென்ட் கிட்டத்தட்ட 12 கிலோ கூடும். 5 மி.மீ. கூடினால் ஒரு மூட்டைக்கு மேல். அதனால் பொருள் வாங்குவதற்கு முன் சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நூல் கட்டிப் பாருங்கள். மேலிருந்து தூக்குக்குண்டும் (செங்குத்துப் பார்க்க நூலில் தொங்கவிடும் குண்டு) விட்டுப் பாருங்கள். எங்கே அதிகம் துருத்துகிறது, எங்கே அதிகம் குழிந்திருக்கிறது என்ற வித்தியாசம்தான் உண்மையான செலவைச் சொல்லும். ஒரே பூச்சில் 15 மி.மீ.-க்கு மேல் ஏற்றினால் சாந்து தன் எடையிலேயே வழியும், காய்ந்ததும் வெடிக்கும். அதற்கு மேல் வேண்டிய இடத்தில் இரண்டு பூச்சு, அதாவது இரண்டு மடங்கு நேரம்.

சிமென்டை அதிகம் போட்டால் பூச்சு பலமாக இருக்கும் என்பது தவறு. சிமென்ட் கூடிய கலவை காயும்போது அதிகம் சுருங்கி, மயிரிழை விரிசல்களைக் கொடுக்கும். தெரியாமலே இது நடப்பதற்குக் காரணம் ஈர மணல். லேசாக நனைந்த மணல் காற்றைப் பிடித்துக்கொண்டு 25 சதவீதம் வரை உப்பி நிற்கும். அதை ஐந்து சட்டி அளந்தால் உள்ளே இருப்பது நான்கு சட்டி மணல்தான். 1:5 என்று நினைத்தது 1:4 ஆகிவிடும். நனைந்த மணலாக இருந்தால் ஐந்துக்குப் பதில் ஆறேகால் அளவு போட வேண்டும்.

மணலில் வண்டல் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கண்ணாடிப் பாட்டிலில் பாதிவரை மணல், முக்கால்வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் மெல்லிய வண்டல் அடுக்கு, மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவாமல் பூச்சுக்கு எடுக்காதீர்கள்.

நாள் கணக்கு

கை பழகிய கொத்தனார் ஒருவர், ஒரு சித்தாளுடன், உள்சுவரில் நாளொன்றுக்கு 90 முதல் 100 சதுரடி பூசுவார். மேலே சொன்ன அறைக்கு நான்கு நாள். சித்தாள் கூலி கொத்தனார் கூலியில் முக்கால் என்று வைத்தால், மொத்தம் ஏழு கொத்தனார்-கூலி.

முதல்முறை பூசுகிறவர் தானே கலந்து, தானே சுமந்து, தானே மட்டம் பார்த்தால் நாளுக்கு 25 முதல் 30 சதுரடி தாண்டுவது கடினம். அதே அறைக்குப் பதினான்கு நாள். கீழே விழுந்து வீணாகும் சாந்து, கோணலாகப் போய்க் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசும் இடம் எல்லாம் சேர்த்துக் கால் பங்கு பொருள் கூடுதலாகப் போகும். கரணை, மணியாசுக் கட்டை (பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் கட்டை), 6 அடி அலுமினிய மட்டப்பலகை, ரசமட்டம் (குமிழி வைத்த மட்டக்கோல்), தூக்குக்குண்டு, சல்லடை, சாந்துச் சட்டி வாங்க வேண்டும். இவை போக நிற்பது ஆறு கூலிகூட இருக்காது. உங்களுடைய ஒரு நாள், கொத்தனார் கூலியில் பாதிக்கும் குறைவாகப் பெறும் என்றால்தான் முழு அறையை நீங்கள் பூசுவது லாபம். அந்தச் சுவர்களில் ஏறும் சாந்தின் எடை ஒரு டன்னுக்கு மேல் என்பதையும் முதுகிடம் சொல்லி வையுங்கள்.

சின்ன வேலையில் இந்தக் கணக்கு தலைகீழாகும். குழாய் பதிக்க வெட்டிய 20 சதுரடி இடத்துக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டால் இரண்டு மணி நேர வேலைக்கு அவருக்கும் சித்தாளுக்கும் முழுநாள் கூலி. அதை ஒரே நாளில் நீங்களே முடித்துவிடலாம். என் கணிப்பில் 50, 60 சதுரடி வரை சொந்தக் கை நல்லது. அதற்கு மேல் யோசிக்க வேண்டும். 100 சதுரடியைத் தாண்டினால் பெரும்பாலும் கொத்தனார்தான்.

கூரையின் அடிப்பக்கத்தையும் மாடியின் வெளிச்சுவரையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கூரையில் 6 மி.மீ. பூச்சுதான், பொருள் குறைவு. ஆனால் தலைக்கு மேல் வீசிய சாந்து பாதி முகத்தில்தான் விழும். வெளிச்சுவருக்குச் சாரம் வேண்டும். பூச்சில் ஒரு விரிசல் விட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். கற்றுக்கொள்ள ஏற்றது, பின்னால் டைல்ஸ் ஒட்டப்போகிற சுவர். அங்கே வழவழப்பு தேவையில்லை, தூக்கு (செங்குத்து) மட்டும் சரியாக இருந்தால் போதும்.

நாமே பூசும்போது

வேலையில் பாதி, சாந்து கலப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். செங்கல் இடுக்குகளை 10 மி.மீ. ஆழம் சுரண்டி, தூசியைத் தென்னந்துடைப்பத்தால் தட்டி எடுக்க வேண்டும். கான்கிரீட் தூண், உத்தரம் இருந்தால் உளியால் நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும்; வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு பிடிக்காது, தகடாகப் பெயர்ந்து வரும். தூணும் செங்கலும் சேரும் கோட்டின் மேல் இரண்டு பக்கமும் 15 செ.மீ. படுகிற மாதிரி கோழிவலை அடியுங்கள். இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் வலை இல்லாத இடத்தில் நேர்கோடாக விரிசல் விழும். மின்குழாய் பதித்த பள்ளங்களை முந்தின நாளே அடைத்துவிடுங்கள்.

சுவரை முதல்நாள் மாலை நன்றாக நனைத்து, பூசும்முன் லேசாகத் தெளித்தால் போதும். காய்ந்த செங்கல் சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமென்ட் இறுக முடியாமல் பூச்சு பொடியாகும். தண்ணீர் சொட்டும் சுவரிலோ சாந்து வழுக்கி இறங்கும்.

அடுத்தது பொட்டு வைப்பது. இதைத் தாண்டிப் போகிறவர்களின் சுவர்தான் விளக்கு வெளிச்சத்தில் அலை அலையாகத் தெரியும். அதிகம் துருத்திய இடத்தில் 10 மி.மீ. கனத்துக்கு ஒரு சாந்துப் பொட்டு வைத்து, அதை அளவாகக் கொண்டு 5 அடிக்கு ஒன்றாக மேலும் கீழும் பொட்டுகள் வையுங்கள். தூக்குக்குண்டும் நூலும் பிடித்து எல்லாம் ஒரே தளத்தில் வரச் செய்யுங்கள். மேல்பொட்டையும் கீழ்ப்பொட்டையும் சாந்துப் பட்டையால் இணைத்தால், மட்டப்பலகை அந்தப் பட்டைகளின் மேல் தண்டவாளத்தில் ஓடுவதுபோல ஓடும்.

கலவையைச் சின்னச் சின்னதாகக் கலக்க வேண்டும். 3 லிட்டர் சிமென்ட், 15 லிட்டர் உலர்மணல் என்றால் 9 சதுரடி வரை வரும். தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் அது சுவரில் ஏறியிருக்க வேண்டும். இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் வேலைக்கு வாகாக இருக்கும், பலம் போய்விடும். கையுறை கட்டாயம், ஈரச் சிமென்ட் தோலை அரித்துப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம்.

கரணையில் எடுத்த சாந்தைச் சுவரில் வீசி அடிக்க வேண்டும், தடவக்கூடாது. வீசினால்தான் காற்று வெளியேறி இடுக்குக்குள் இறங்கும். தடவிய இடம் பின்னால் தட்டும்போது டொக் டொக்கென்று கேட்கும். இரண்டு பட்டைக்கு நடுவே நிரப்பியதும் மட்டப்பலகையைக் கீழிருந்து மேலாக, இடவலமாக அசைத்து இழுங்கள். குழியில் கொஞ்சம் வீசி மறுபடி இழுங்கள். பிறகு காத்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் மெல்லிய தடம் மட்டும் விழும் நிலையில் மணியாசுக் கட்டையை வட்டமாகத் தேய்க்க வேண்டும். முந்தித் தேய்த்தால் சாந்து கட்டையோடு வரும், பிந்தினால் பிய்யும். தேய்ப்பதற்கு வசதியாக உலர் சிமென்டைத் தூவுகிற பழக்கத்தை அறவே விடுங்கள். மேல்தோல் மட்டும் கெட்டியாகி வலைப்பின்னலாக வெடிக்கும்.

மறுநாளிலிருந்து ஏழு நாள், நாளுக்கு மூன்று முறை தண்ணீர் தெளிக்க வேண்டும். வெயிலும் காற்றும் நேராக அடிக்கும் சுவருக்கு ஈரச் சாக்கு தொங்கவிடலாம். பட்டியும் பெயின்டும் 28 நாள் கழித்து.

கொத்தனாரை வைத்தால்

நடுவழி ஒன்று உண்டு; எனக்கு இதுதான் பிடிக்கும். இடுக்கு சுரண்டுவது, கொத்திவிடுவது, வலை அடிப்பது, மணல் சலிப்பது, பின்னால் தண்ணீர் விடுவது ஆகியவற்றை நீங்கள் செய்துவிட்டு, கரணை வேலையை மட்டும் கொத்தனாரிடம் விடுவது. இவற்றுக்குக் கைத்திறன் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். அவசரத்தில் கைவிடப்படுவதும் இவைதான்.

நாள்கூலி என்றால் வேலை நிதானமாக நடக்கும், நாட்கள் நீளும். சதுரடிக் கணக்கு என்றால் வேகம் வரும். பொட்டு வைப்பதும் இறுகும்வரை காத்திருப்பதும் காணாமல் போகும். நான்கு சுவர் வழவழப்பாக வேண்டுமானால் நாள்கூலியும், நேரான புதுச்சுவருக்குச் சதுரடிக் கணக்கும் பொருந்தும். சதுரடிக்குப் பேசினால் முன்கூட்டியே தெளிவாக்க வேண்டியவை: கதவு ஜன்னல் இடத்தைக் கழிப்பீர்களா, அவற்றின் உள்பக்கவாட்டுக்குத் தனி அளவா, கனம் எத்தனை மி.மீ. வரை அதே விலை, சாரமும் குப்பை அள்ளுவதும் யார் பொறுப்பு. சண்டை பெரும்பாலும் கதவு ஜன்னலுக்குக் கழிக்கும் அளவில்தான் வரும்.

வேலை முடிந்த அன்று 6 அடிப் பலகையை நெடுக்காகவும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்துப் பாருங்கள். 3 மி.மீ.-க்கு மேல் இடைவெளி தெரிந்தால் அன்றே சொல்லிச் சரிசெய்ய வைப்பது எளிது. ஒரு பகுதிக் கூலியைப் பத்து நாள் நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசி வையுங்கள். ஏழு நாள் தண்ணீர் விட்டு, சுவர் காய்ந்த பிறகு சின்னச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றொலி கேட்கும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டி, கொத்தி எடுத்துப் பூசிய பின் மீதியைக் கொடுங்கள்.