சின்ன பைக்கை உங்கள் உடம்புக்குத் தக்கபடி மாற்றுவது எப்படி

100 முதல் 150 சிசி வரையுள்ள பைக்குகள் நடுத்தர உயரம், நடுத்தர எடை உள்ளவரை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. ஓட்டுபவர் ஐந்தடியோ ஆறடியோ இருந்தால் மணிக்கட்டு வலி, முதுகுவலி, தரைக்குக் கால் எட்டாத பயம் எல்லாம் வந்துவிடும். இதற்கு உடனே பாகம் வாங்க ஓட வேண்டாம். 8, 10, 12, 14 எண் ஸ்பேனர்கள், ஓர் அளவு டேப், உதவிக்கு ஒருவர். பாதிக் குறை இதிலேயே தீரும்.

முதலில் ஹேண்டிலில் உள்ள கிளட்ச், பிரேக் லீவர்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். லீவர்மேல் விரல்களை வைத்தால் முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்தால் லீவர் மேலே தூக்கி இருக்கிறது என்று பொருள். கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, லீவரைக் கீழே திருப்பி இறுக்குங்கள். பிறகு கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 15 மிமீ பிளே (கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா அசையும் தூரம்) இருக்கிறதா பாருங்கள். பிளே இல்லாமல் ஓட்டினால் கிளட்ச் வழுக்கும், பிளேட் சீக்கிரம் தேயும்.

கியர் லீவர் காலுக்கு உயரமாக இருந்தால் அதன் போல்ட்டை முழுவதுமாகக் கழற்றி, லீவரை இழுத்தெடுத்து, அது மாட்டியிருந்த தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். தளர்த்தினால் மட்டும் வராது. பெரும்பாலான வண்டிகளில் போல்ட், தண்டிலுள்ள காடியில் உட்கார்ந்திருக்கும். குதிகால் பெடலும் உள்ள லீவரில் முன்பக்கம் இறங்கினால் பின்பக்கம் ஏறும், இரண்டையும் மிதித்துப் பாருங்கள். பின் பிரேக் பெடலின் உயரத்தை மாற்றினால் வேலை அதோடு முடியாது. டிரம் பிரேக்கில் பெடல் பிளே 20 முதல் 30 மிமீ வரும்படி பிரேக் ராடு நட்டைத் திருப்ப வேண்டும். பிரேக் லைட் சுவிட்சையும் சரிசெய்ய வேண்டும். இந்த சுவிட்சை மறப்பவர்கள்தான் அதிகம். பின்னால் வருபவருக்கு விளக்கு தாமதமாகத் தெரியும், இல்லாவிட்டால் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது பின் ஷாக், அதாவது பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் பாகம். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது, அச்சுக்கும் அதற்கு நேர் மேலே பாடியில் நீங்கள் குறித்த புள்ளிக்கும் இடையே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஹெல்மெட், பையோடு உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் ஷாக்கின் மொத்த இயக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 80 முதல் 100 மிமீ இயக்கமுள்ள சின்ன பைக்கில் 25 முதல் 30 மிமீ. 40 தாண்டினால் ஸ்பிரிங்கை இறுக்கும் படி வளையத்தை ஒரு படி ஏற்றுங்கள், 15க்குக் கீழே வந்தால் ஒரு படி இறக்குங்கள். இரட்டை ஷாக்கில் இரண்டு பக்கமும் ஒரே படியில்தான் இருக்க வேண்டும். உயரம் வேண்டும் என்று நீள ஷாக் மாட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முன்பக்கம் தாழ்ந்து ஸ்டீயரிங் துள்ளும். சைடு ஸ்டாண்டில் வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்து நிற்கும்.

ஹேண்டில்பாரை மாற்றும் முன், இருப்பதையே கிளாம்பில் தளர்த்தி உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் உயரமான பார். கிளாம்ப் இடத்து விட்டம் பெரும்பாலும் 22 மிமீ. வாங்கும் முன் அளந்துவிடுங்கள். 20 மிமீ உயரம்வரை பழைய கேபிள்கள் பெரும்பாலும் தாங்கும், அதற்கு மேல் நீளமான கேபிளும் பிரேக் ஹோஸும் தேவை. சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முள் இருக்கும், அது பாரிலுள்ள துளையில் உட்கார வேண்டும். புதிய பாரில் துளை இல்லையென்றால் அளந்து துளையிடுங்கள். முள்ளை வெட்டிவிட்டால் ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது பெட்டியே சேர்ந்து சுழலும்.

மாட்டி முடித்ததும் வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இடது ஓரம்வரை, பிறகு வலது ஓரம்வரை மெதுவாகத் திருப்புங்கள். கை படாமலே எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அதோடு சாலைக்குப் போகவே கூடாது. திருப்பத்தில் வண்டி தானாக வேகமெடுக்கும். கேபிளை வேறு வழியில் விட்டு, மறுபடி சோதியுங்கள்.

கால் எட்டாதவர்கள் சீட்டின் உயரத்தை வெட்டும் முன் அகலத்தை வெட்டுங்கள். சீட்டின் முன்பகுதியில், தொடை படும் இரு விளிம்புகளையும் சரித்துச் சீவினால் கால் நேராகக் கீழே இறங்கும், பல நேரம் அதுவே போதும். மேலிருந்து 20 மிமீக்கு மேல் ஃபோமை எடுத்தால் அடித்தட்டு எலும்பில் இடிக்கும். ஹேக்சா பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஃபோம்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்த பிறகே ரெக்ஸினை இழுத்து அடியுங்கள். இல்லாவிட்டால் தையல் வழியே மழைநீர் இறங்கி ஃபோம் நாள்கணக்கில் காயாது. உயரமானவர்களுக்கு நேர்மாறு: சீட்டில் 20 மிமீ ஏற்றினால்தான் முழங்கால் மடிப்பு குறையும். பாரை உயர்த்தினால் முதுகு மட்டுமே நிமிரும்.

இழுவை வேண்டுமா, நிதானமான ஓட்டம் வேண்டுமா என்பது ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரங்களின் கணக்கு. முன் 14, பின் 42 பல் என்றால் விகிதம் 3. முன்னதை 15 ஆக்கினால் 2.8, அதே வேகத்தில் எஞ்சின் சுமார் 7 சதவீதம் குறைவாகச் சுற்றும், ஆனால் மேட்டில் திணறும். 13 ஆக்கினால் நேர்மாறு. தேய்ந்த செயினோடு புது ஸ்ப்ராக்கெட் போடாதீர்கள், அதையும் தின்றுவிடும்.

டயரை ஒரு அளவுக்கு மேல் அகலமாக்காதீர்கள். ஒல்லியான ரிம்மில் அகல டயர் பக்கவாட்டில் பிதுங்கி, வண்டி வளைவில் சாய மறுக்கும், செயின் கவரிலும் உரசும். 35 வாட் ஹெட்லைட் இடத்தில் 60 வாட் பல்பு போட்டால் மின்னோட்டம் சுமார் 2.7 ஆம்பியரிலிருந்து 4.6க்கு ஏறி ஹோல்டர் உருகும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள், அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். தொட்ட போல்ட் ஒவ்வொன்றிலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, 100 கிலோமீட்டர் ஓடியபின் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.