வேலூர் வட்டார ஏரிகளில் பனிக்காலப் பறவைகளைப் பார்ப்பது எப்படி

பறவை பார்க்க வேண்டும் என்றவுடன் வேடந்தாங்கலுக்குப் புறப்படும் வழக்கம் வேலூர்ப் பக்கத்தில் இன்னும் மாறவில்லை. மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம் போன்றவற்றைப் பார்க்க அதைவிட நல்ல இடம் அருகில் இல்லை என்பது உண்மையே. ஆனால், வட நாடுகளிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் வாத்துகளும், சேற்றோரத்தில் இரை பொறுக்கும் உள்ளான்களும் இங்கே கூடு கட்டுவதில்லை. இரை தேடவே வருகின்றன. அவற்றுக்கு வேண்டியது மரம் அன்று, ஆழம் குறைந்த நீரும் ஈரச் சேறுமே. அந்த இரண்டும் நம் வட்டாரத்து ஏரிகளில் பனிக்காலம் முழுவதும் ஏதாவது ஓர் ஓரத்தில் கிடைக்கும். ஆகவே வாத்தும் உள்ளானும் பார்க்க விரும்புகிறவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஏரியில் எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

முதலில் காலத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வலசைப் பறவைகளில் முந்தி வருபவை புரட்டாசிக்கு முன்பே வந்துவிடுகின்றன என்றாலும், வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் ஏரி விளிம்பு வரை நிரம்பி, சேறு வெளியே தெரியாமல் போய்விடுவதால், அப்போது கரையில் நின்று பார்ப்பவருக்கு வெறும் நீர்ப்பரப்பே மிஞ்சும். ஏரி நிரம்பி வழிந்து கோடி போகும் நாளில் ஊரே வேடிக்கை பார்க்கத் திரளும். பறவை பார்க்க அது ஏற்ற நாள் அன்று. மழை ஓய்ந்து, மதகு திறந்து, நீர்மட்டம் மெல்ல இறங்கத் தொடங்கும் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரையே சிறந்த காலம். நீர் ஒவ்வொரு வாரமும் பின்வாங்கப் பின்வாங்கப் புதிய சேறு வெளிப்பட்டு, அதில் புழுவும் பூச்சியும் அகப்படுவதால், ஒரே ஏரி சில வாரங்களுக்குள் வேறு வேறு பறவைகளைக் காட்டும். மழை பொய்த்த ஆண்டில் சிறிய ஏரிகள் பொங்கலுக்கு முன்பே வற்றிவிடக்கூடும். அப்போது பெரிய ஏரிகளை நாடுவதே நல்லது.

பெரிய ஏரி என்றால் காவேரிப்பாக்கம் ஏரிதான். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் இந்த ஏரி, வாலாஜாவை அடுத்த பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் பெறுகிறது. 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் இது இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்துவிட்டாலும், வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் சுமார் 40 கி.மீ. தூரம்தான். அதே அணைக்கட்டு நீரைப் பெறும் மகேந்திரவாடி ஏரியையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அங்கே குடைவரைக் கோயிலும் உண்டு. நகருக்குள்ளேயே இருப்பவர்களுக்குச் சதுப்பேரி, காட்பாடிப் பக்கத்தில் கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிகள் இருக்கின்றன. இவை எதற்கும் போகுமுன், கோட்டை அகழியின் ஓரத்தில் ஒரு காலைப்பொழுது நின்று நீர்க்காகத்தையும் மடையானையும் மீன்கொத்தியையும் பைனாகுலரில் பார்த்துப் பழகிக்கொள்வது புதியவருக்கு நல்ல பயிற்சி. பொதுவாக ஒன்று சொல்லலாம்: சுற்றிலும் நடைபாதை போட்டு, ஓரம் முதல் நடு வரை ஒரே ஆழமாகத் தூர்வாரப்பட்ட ஏரி நடப்பதற்கு இதமாக இருக்கும், ஆனால் உள்ளான் இறங்க அதில் இடம் இராது.

ஏரிக்குப் போனதும் பறவையைத் தேடாமல் ஆழத்தைத் தேட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் சாரம். கரையும் மதகும் இருக்கும் பக்கம் ஆழமானது. அங்கே கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், நாமக்கோழி ஆகியவை இருக்கும். கரைக்கு எதிர்ப்புறம், வரத்துக்கால்வாய் வந்து சேரும் உள்வாய்ப் பகுதியில் தரை மெல்லச் சரிந்து ஆழம் குறையும். முழங்கால் அளவு நீரில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கிளுவையும் தலையை நீருக்குள் கவிழ்த்து மேயும். அதற்கு அடுத்துக் கணுக்கால் அளவு நீரில் நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும் நடக்கும். நீர் முடிந்து சேறு தொடங்கும் கோட்டில் பொறி உள்ளானும் கொசு உள்ளானும் ஓடித் திரியும். அல்லியும் ஆகாயத்தாமரையும் படர்ந்த இடத்தில் இலைக்கோழிகளும், சம்பும் கோரையும் வளர்ந்த இடத்தில் தாழைக்கோழிகளும் செந்நாரையும் இருக்கும். உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களின் உச்சியை ஒரு முறை பார்த்துவிட்டே நகர வேண்டும்; மீன் பிடித்துண்ணும் பருந்தினமான விரால் அடிப்பான் மீனைப் பற்றிக்கொண்டு உட்கார அத்தகைய மொட்டைக் கிளையையே தேடும்.

மதகுக்குக் கீழே ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு வயல்களை விட்டுவிடக் கூடாது. பனிக்கால நெல் பருவமான நவரைப் பட்டத்துக்கு நீர் கட்டிச் சேடை ஓட்டும் டிராக்டரின் பின்னால் வெண்கொக்குகளும் வெள்ளை அரிவாள் மூக்கன்களும் கூட்டமாக நடந்துவர, மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக அமர்ந்திருப்பதையும், வரப்பில் மஞ்சள் வாலாட்டி வாலை ஆட்டியபடி ஓடுவதையும் அங்கே காணலாம். நத்தைக்குத்தி நாரை நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்து, மூடியை விலக்கி, சதையை மட்டும் உருவி விழுங்கிவிட்டு ஓட்டை அங்கேயே போட்டுச் செல்வதைப் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம். அதன் அலகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அப்போது தெளிவாகத் தெரியும்.

அடுத்தது வெளிச்சம். பாலாற்றுப் படுகையில் நிலம் பொதுவாகக் கிழக்கு நோக்கிச் சரிவதால், பல ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கமும் உள்வாய் மேற்குப் பக்கமும் அமைந்திருக்கும். அத்தகைய ஏரியில் காலையில் கரைமேல் நின்றால் கதிரவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்; பறவையின் நிறம் உள்ளபடி தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தோன்றும். அப்போது உள்வாய்ப் பக்கம் போக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் ஆறரை மணி வாக்கில்தான் எழுவதாலும், பனிமூட்டம் சில நாள்களில் வெகுநேரம் விலகாமல் இருப்பதாலும், விடியும் முன்பே போய்க் காத்திருப்பதில் பெரிய பயன் இல்லை. ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை போதுமானது.

பைனாகுலர் வாங்குகிறவர் 8x42 அல்லது 8x40 என்று குறிக்கப்பட்டதை வாங்கலாம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாம் எண் முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கிறது. பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். வாங்கியதும் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ள வேண்டும்: வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்கிய பின், இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்வில்லையின் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும். பறவையைப் பார்த்த கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்தினால் பறவை உள்ளே அகப்படும். கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடினால் அகப்படாது.

நெருங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது ஆள்காட்டியை. வரப்பிலோ மேட்டிலோ நிற்கும் சிவப்புமூக்கு ஆள்காட்டி கத்திக்கொண்டு எழுந்துவிட்டால், அந்தச் சரிவில் உள்ள அத்தனை பறவையும் தலையைத் தூக்கிவிடும். அது நிற்கும் பக்கத்தை விட்டுச் சுற்றிப் போக வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் கழுத்தை நிமிர்த்தினால் நின்றுவிட வேண்டும்; நீந்தி விலகத் தொடங்கினால் இரண்டடி பின்வாங்க வேண்டும்; எழுந்து பறந்துவிட்டால் நாம் எல்லை மீறிவிட்டோம் என்று பொருள். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களே இதை அதிகம் மீறுகிறார்கள். தொலைவிலிருந்து எடுக்கத்தானே அந்த லென்ஸ்! மனிதர் யாரும் நெருங்காமலே கூட்டம் முழுவதும் எழுந்தால் வானத்தைப் பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேலே தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும். வெள்ளைச் சட்டையைத் தவிர்த்து மண்நிறத்தில் உடுப்பதும், புதரில் பாம்பும் சீமைக்கருவேல முள்ளும் இருக்குமாதலால் கெட்டியான மூடிய காலணி அணிவதும் அவசியம். சேற்றில் இறங்கவே கூடாது.

இனங்காண்பதில் புதியவரைத் திணறடிப்பவை வாத்துகளும் சிறு உள்ளான்களுமே. நூல்களில் காட்டப்படும் பகட்டான ஆண் வாத்து, வந்து சேர்ந்த புதிதில் பெண்ணைப் போலவே பழுப்பாக இருக்கும்; மார்கழி வாக்கில்தான் நிறம் ஏறும். ஆகையால் தொடக்கத்தில் நிறத்தை நம்பாமல் உருவத்தை நம்ப வேண்டும். நீண்ட மெல்லிய கழுத்தும் கூரிய வாலும் ஊசிவால் வாத்து. நுனியில் அகன்ற தட்டையான அலகு தட்டைவாயன். அலகு நுனி மஞ்சளாக, உடல் பருமனாக இருப்பது ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் புள்ளிமூக்கு வாத்து. உள்ளான்களில், நடக்கும்போதெல்லாம் பின்புறத்தை ஆட்டிக்கொண்டே, தோளருகே வெள்ளைப்பட்டை மேலேறித் தெரியும்படி தனியாகத் திரிவது சாதாரண உள்ளான். முதுகெங்கும் வெளிர்ப்புள்ளியும் கண்ணுக்கு மேல் நீண்ட வெண்புருவமும் மஞ்சள் கலந்த காலும் இருந்தால் பொறி உள்ளான். சிட்டுக்குருவி அளவில், கறுப்புக் காலுடன் சேற்றை விடாமல் கொத்திக்கொண்டு ஓடுவது கொசு உள்ளான். அதே அளவில் கால் மட்டும் மஞ்சளாக இருந்தால் டெம்மிங்க் கொசு உள்ளான். பெயர் தெரியாததை அன்றே முடிவு செய்யத் தேவையில்லை. கால், அலகு, புருவம் மூன்றையும் குறித்துக்கொண்டால் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய கூட்டத்தை எண்ணும்போது, பத்துப் பறவைகளை எண்ணி அவை அடைக்கும் இடத்தின் அகலத்தை மனத்தில் கொண்டு, கூட்டம் அப்படி எத்தனை அகலம் இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். குறிப்பேட்டில் நாள், நேரம், ஏரியின் பெயர் ஆகியவற்றோடு, மதகில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்பதையும் எழுதுங்கள். எந்த நீர்மட்டத்தில் எந்தப் பறவை வருகிறது என்பது அடுத்த ஆண்டு அதிலிருந்து தெரியும். பட்டியலைப் பறவைப் பதிவுகளுக்கான ஈ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கு ஓரிடத்தில் 15 நிமிடம் பார்த்து, கண்ட இனங்கள் அனைத்தையும் பதிவு செய்தால் போதும். ஏரியில் பறவைக்குக் கண்ணி வைத்திருப்பதையோ வலை கட்டியிருப்பதையோ கண்டால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாதலால், நீங்களே போய் வாதாடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.