பெட்டிக்கு எதற்கு ஸ்வீட் விலை?

பெரம்பூரில் மாமா நடத்திவந்த ஸ்வீட் கடை என் பொறுப்புக்கு வந்தபோது, அட்டைப்பெட்டியோடு சேர்த்துத்தான் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டி 50 கிராம் என்றால், கிலோ 600 ரூபாய் மைசூர்பாகில் வெறும் அட்டைக்கே 30 ரூபாய்! ஞாயிறு ஆராதனையில் கள்ளத்தராசைப் பற்றி நீதிமொழிகள் 11:1 வாசிக்கும்போது ஆமென் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை இதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

சரிசெய்வது ரொம்பச் சுலபம். காலிப் பெட்டியைத் தராசில் வைத்து, பெட்டியின் எடையைக் கழிக்கும் டேர் பட்டனை அழுத்தி, பூஜ்யம் வந்த பிறகுதான் ஸ்வீட்டை வைக்கிறோம், திரையும் வாங்குகிறவர் பக்கம்தான் இருக்கும். வருஷா வருஷம் தராசைச் சரிபார்த்து அரசு முத்திரை வைப்பதும் உண்டு. மாமா முணுமுணுத்தார், அதற்காகக் கிலோவுக்கு 20 ரூபாயை வெளிப்படையாகவே ஏற்றிவிட்டேன். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மட்டும் பையன்கள் பட்டனை மறந்துவிடுவார்கள், அப்புறம் கல்லாவிலிருந்து நான்தான் கத்த வேண்டும்.